மின்னஞ்சலும் அமானிதமே

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



திருக்குர்ஆனின் வசனங்களிலேயே மிக நீண்டது எது என்று மக்தபுப் பிள்ளைகளிடம் கேட்டால், அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் என்று உடனே சொல்லிவிடுவார்கள். அந்த வசனம் எதைப் பற்றியது என்று கேட்டால் பெரியவர்களும் சற்றுத் தயங்குவார்கள். அது கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. தவணை குறித்த கடனை எழுதிக்கொள்ள வேண்டும், எழுதுபவர் நீதியாக எழுத வேண்டும், கடன் பெற்றவரே வாசகத்தைச் சொல்ல வேண்டும், சாட்சிகள் இருக்க வேண்டும், தொகை சிறிதோ பெரிதோ எழுதுவதற்குச் சலிப்படையக் கூடாது என்று அல்லாஹ் அதில் விரிவாகக் கட்டளையிடுகின்றான். எழுதியதைப் பாதுகாப்பதும் அந்தக் கட்டளையின் ஒரு பகுதி என்றே நாம் விளங்கி வந்தோம். இக்காலத்தில் எழுத்து எங்கே இருக்கிறது, அதைப் பாதுகாப்பது என்றால் என்ன என்பதைக் கடந்த மழைக்காலத்தில் ஒரு கணினி நமக்குக் கற்றுக்கொடுத்தது.

கல்வராயன் மலையில் வெள்ளிமலையை அறிந்தவர்களுக்கு இங்குள்ள நிலை தெரியும். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை, கரியாலூர் வழியாக ஏறி வர வேண்டிய ஊர். 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பின் அலுவலகங்கள் வந்தன, சாலை மேம்பட்டது. ஆனால் மழை பிடித்துக்கொண்டால் இணையம் இன்றும் நின்று நின்றுதான் வரும். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நிலைமை இன்னும் கடினம். அப்போது நமது சிறிய மத்ரஸாவின் பொறுப்பில் இருந்த பெரிய ஹஜ்ரத் அவர்கள், அல்லாஹ் அவர்கள்மீது அருள்புரிவானாக, மின்னஞ்சல்களை இணையம் கிடைக்கும் நேரத்தில் மொத்தமாக இறக்கிக்கொண்டு, பிறகு நிதானமாக வாசித்துப் பதில் எழுதும் வழக்கம் உடையவர்கள். அதற்காகத் தண்டர்பேர்ட் என்னும் இலவச மின்னஞ்சல் மென்பொருளைக் கணினியில் நிறுவியிருந்தார்கள்.

இவ்வாறு அஞ்சலை இறக்குவதில் இரண்டு முறைகள் உண்டு. ஐமேப் என்ற முறையில் கடிதங்கள் சேவை நிறுவனத்தின் சர்வரிலேயே இருக்கும். நம் கணினியில் தெரிவது அதன் பிரதிபலிப்பு. பாப் என்ற பழைய முறையில் கடிதம் நம் கணினிக்கு இறங்கிவிடும். நகலைச் சர்வரில் விட்டுவை என்று சொல்லாவிட்டால் அங்கிருந்து நீங்கிவிடும். பெரிய ஹஜ்ரத் வைத்திருந்த கணக்கு மிகச் சிறிய இடம் உடையது. அது நிரம்பிவிட்டால் புதிய கடிதம் வராது. எனவே அவர்கள் பாப் முறையையே வைத்திருந்தார்கள். அக்காலத்துக்கும் இம்மலைக்கும் அதுவே பொருத்தமான வழி. ஆனால் அதன் விளைவாக, பல ஆண்டுகளின் கடிதப் போக்குவரத்து முழுவதும் அந்த ஒரே கணினியின் வன்தட்டில் மட்டுமே இருந்தது.

கடந்த ஐப்பசியில் அந்தக் கணினி இயங்க மறுத்தது. பழுது பார்ப்பதற்காகக் கீழே நகரத்துக்கு அனுப்பினோம். நான்கு நாட்களில் திரும்பி வந்தது. விண்டோஸ் புதிதாக நிறுவப்பட்டிருந்தது. கணினி முன்னைவிட விரைவாகவும் இருந்தது. தண்டர்பேர்டையும் புதிதாகப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அதைத் திறந்தால், புதிய கணக்கைத் தொடங்குகிறீர்களா என்று கேட்டது. பழைய கணக்கும் இல்லை, முகவரிப் புத்தகமும் இல்லை, ஒரு கடிதமும் இல்லை.

சாதாரண நாளாக இருந்திருந்தால் ‘இன்னா லில்லாஹி’ என்று சொல்லிவிட்டுப் புதிய கணக்கைத் தொடங்கியிருப்போம். ஆனால் அதே வாரத்தில் ஓர் இளைஞர் நம்மைத் தொலைபேசியில் அழைத்திருந்தார். வளைகுடா நாடொன்றில் நெடுங்காலம் உழைத்த அவருடைய தந்தையார் வஃபாத்தாகிவிட்டார். அவர் பல ஆண்டுகள் நமது மத்ரஸாவுக்குப் பணம் அனுப்பியவர். அதில் சில தொகைகள் ஸதக்கா. வேறு சில, கட்டடத்துக்கு ஓடு போடவும் கிணறு தூர்வாரவும் கொடுத்த கர்ளு ஹஸன், அதாவது வட்டியில்லாக் கடன். “வாப்பா எதைக் கடனாகக் கொடுத்தார், எதை அல்லாஹ்வுக்காகக் கொடுத்தார் என்று நீங்கள்தான் ஹஜ்ரத் சொல்ல வேண்டும். தங்கச்சி இன்னும் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். அவளுடைய பங்கையும் சேர்த்துப் பிரிக்க வேண்டும்” என்றார் அவர்.

இதன் கனத்தை வாசகர்கள் உணர்வார்கள். மரணித்தவருக்கு வரவேண்டிய கடன் அவருடைய சொத்தில் சேரும். அது வாரிசுகளின் உரிமை. வாரிசுகளில் ஒருவர் வயது வராத அநாதைச் சிறுமி. அநாதையின் சொத்தை அநியாயமாக உண்பவர்களைப் பற்றி அந்நிஸா அத்தியாயத்தின் 10ஆம் வசனம் எச்சரிக்கும் எச்சரிக்கையை ஓதும்போதே உள்ளம் நடுங்கும். வங்கிப் புத்தகம் நம்மிடம் இருந்தது. எந்தத் தேதியில் எவ்வளவு வந்தது என்பதை அது சொல்லியது. ஆனால் வந்த பணம் என்ன நிய்யத்தில் வந்தது என்பதை வங்கிப் புத்தகம் சொல்லாது. அதைக் கடிதங்கள் மட்டுமே சொல்லும். கடிதங்கள் கிடைக்காவிட்டால் ஒன்று சிறுமியின் பங்கு குறையும், அல்லது தர்மமாக வந்ததைக் கடன் என்று எண்ணி மக்தபின் பொதுப் பணத்திலிருந்து எடுத்துக் கொடுக்க நேரும். இரண்டுமே அநியாயம்.

கணினியைப் பழுது பார்த்த கடையை அழைத்தோம். அங்கு வேலை செய்யும் தம்பி பொறுமையாகக் கேட்டார். “வன்தட்டை ஃபார்மட் செய்யவில்லை ஐயா. பழைய விண்டோஸ் மேலேயே நிறுவினோம். சி டிரைவில் விண்டோஸ்.ஓல்ட் என்று ஒரு கோப்புறை இருக்கும், பாருங்கள். அதைத் தொடாதீர்கள், ஒன்றையும் அழிக்காதீர்கள்” என்றார். அந்தச் சொல் நமக்குப் பெரும் ஆறுதலாக இருந்தது. பழைய விண்டோஸ் இருந்த இடத்தில் ஃபார்மட் செய்யாமல் புதியதை நிறுவினால், பழைய கோப்புகள் அந்தக் கோப்புறைக்குள் ஒதுக்கி வைக்கப்படும். ஆனால் இடத்தை மிச்சப்படுத்துவதற்காக விண்டோஸே சில நாட்களில் அதை அழித்துவிடக் கூடும். ஆகவே முதல் வேலையாக அதை முழுமையாக ஒரு வெளி வன்தட்டில் நகலெடுத்தோம். வெட்டி ஒட்டவில்லை, நகல் மட்டுமே எடுத்தோம். இருப்பது ஒரே பிரதி என்னும்போது அதை நகர்த்துவதும் ஆபத்தானது.

இதே நிலையில் இருக்கும் மஸ்ஜிதுகளுக்கும் மத்ரஸாக்களுக்கும் பயன்படும் என்பதால் அடுத்து செய்தவற்றையும் எழுதுகிறோம். தண்டர்பேர்ட் தன் நிரலை ஓரிடத்திலும், நம்முடைய உடைமைகளை வேறிடத்திலும் வைக்கிறது. அந்த உடைமைகள் இருக்கும் கோப்புறைக்குப் ப்ரொஃபைல் என்று பெயர். விண்டோஸில் அது பயனரின் பெயரில் உள்ள கோப்புறையில், ஆப்டேட்டா, அதற்குள் ரோமிங், அதற்குள் தண்டர்பேர்ட், அதற்குள் ப்ரொஃபைல்ஸ் என்ற வரிசையில் இருக்கும். ஆப்டேட்டா மறைக்கப்பட்ட கோப்புறை. மறைந்தவற்றைக் காட்டு என்று விண்டோஸிடம் சொன்னால்தான் கண்ணுக்குத் தெரியும். இல்லை என்று பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான்.

ப்ரொஃபைல் கோப்புறைக்குள் கணக்கின் அமைப்புகள் ஒரு கோப்பில், முகவரிப் புத்தகம் ஒரு கோப்பில், கடவுச்சொற்கள் இரண்டு கோப்புகளில் என்று தனித்தனியே இருக்கின்றன. கடவுச்சொற்கள் பூட்டப்பட்டு ஒரு கோப்பிலும், அந்தப் பூட்டின் சாவி இன்னொரு கோப்பிலும் இருப்பதால், ஒன்றை மட்டும் மீட்டால் பயனில்லை. பாப் கணக்கின் கடிதங்கள் மெயில் என்ற கோப்புறையிலும், ஐமேப் கணக்கின் பிரதிகள் ஐமேப்மெயில் என்ற கோப்புறையிலும் இருக்கும். எனவே துண்டு துண்டாக எடுக்காமல் ப்ரொஃபைல் முழுவதையும் ஒன்றாக எடுப்பதே நல்லது. தண்டர்பேர்டை முழுமையாக மூடிய பிறகே நகலெடுக்க வேண்டும். இன்னொன்று: புதிய பதிப்பு பயன்படுத்திய ப்ரொஃபைலைப் பழைய பதிப்பு ஏற்காது. ஆகவே முன்பிருந்ததற்குச் சமமான அல்லது அதைவிடப் புதிய பதிப்பையே நிறுவிக்கொள்ள வேண்டும்.

நகலெடுத்த ப்ரொஃபைலைப் புதிய இடத்தில் வைத்து, ப்ரொஃபைல் மேலாளரில் அதைச் சுட்டிக்காட்டித் திறந்தோம். பெரிய ஹஜ்ரத்தின் கோப்புறைகள், அவர்கள் வைத்த பெயர்களோடு, அவர்கள் அடுக்கிய வரிசையிலேயே வந்து நின்றன. அல்ஹம்துலில்லாஹ். ஆனால் நாம் தேடிய சகோதரரின் பெயரில் இருந்த கோப்புறை வெறுமையாகக் காட்டியது. அந்தத் தம்பியிடமே மீண்டும் கேட்டோம். கடிதங்கள் இருப்பது ஒரு கோப்பு. அவற்றின் அட்டவணை எம்எஸ்எஃப் என்று முடியும் வேறொரு கோப்பு. அட்டவணை சிதைந்தால் கடிதங்கள் இருந்தும் தெரியாது என்றார். கோப்புறையின் பண்புகளில் உள்ள ‘ரிப்பேர் ஃபோல்டர்’ என்ற பொத்தானை அழுத்தியதும், மென்பொருள் கடிதங்களைப் படித்து அட்டவணையை மறுபடி எழுதிக்கொண்டது.

கடிதங்கள் வந்தன. ஆனால் 2008, 2009ஆம் ஆண்டுகளுக்குரியவை வாசிக்க இயலாத குறிகளாக இருந்தன. தமிழ் யூனிகோடு பரவலாகாத காலத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு எழுத்துருவில் எழுதினர். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அக்கடிதம் பொருளற்ற கிறுக்கலாகிவிடும். அக்காலத் தமிழ்ப் பணிகள் பலவும் இச்சோதனையைச் சந்தித்தவையே. 1998 பொங்கலன்று தன்னார்வலர்களால் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களை முதலில் அன்றைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து, பிற்காலத்தில் யூனிகோடுக்கு மாற்றியது. நமது முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழுக்கும் ஏறக்குறைய இதே நிலைதான். கிதாபுகள் அலமாரியில் இருக்கின்றன. வாசிக்கத் தெரிந்தவர் குறைந்துவிட்டதால் அவை மூடிக் கிடக்கின்றன. எழுத்து அழியாமல் இருப்பதோடு, அதைத் திறக்கும் அறிவும் உடன் இருக்க வேண்டும். எழுத்துரு மாற்றும் கருவி ஒன்றின் உதவியால் அக்கடிதங்களைப் படிக்கும் நிலைக்குக் கொண்டுவந்தோம்.

இங்கே ஒரு கேள்வி எழுந்தது. கடிதங்கள் மீண்டன, எவற்றைத் திறந்து பார்க்க நமக்கு உரிமை உண்டு? அப்பெட்டியில் இவ்வழக்குக்குத் தொடர்பில்லாத பலருடைய கஷ்டங்கள் இருந்தன. மகளின் நிக்காஹுக்கு உதவி கேட்டவர், தலாக் குறித்து மார்க்கத் தீர்ப்புக் கேட்டவர், கடன் தொல்லையை அழுது எழுதியவர் என்று எத்தனையோ பேர். அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் பிறர் குறைகளைத் துருவி ஆராய்வதைத் தடுக்கின்றது. கணினி நம் கையில் இருப்பதால் அத்தடை நீங்கிவிடுவதில்லை. ஆகவே ஜமாஅத்தின் முத்தவல்லியை அழைத்து உடன் அமர்த்திக்கொண்டோம். அச்சகோதரரின் பெயரை மட்டும் தேடலில் இட்டு, வந்தவற்றை மட்டும் திறந்தோம். ‘வீடு’ என்று பெயரிடப்பட்ட ஒரு கோப்புறை இருந்தது. அதைத் திறக்காமலேயே ஒரு பென்டிரைவில் நகலெடுத்துப் பெரிய ஹஜ்ரத்தின் வீட்டாரிடம் சேர்ப்பித்தோம். அது சரியாகத் திறக்கிறது என்று அவர்களுடைய மகன் உறுதி சொன்ன பிறகு, நம்மிடமிருந்த பிரதிகளை அழித்தோம்.

வங்கிப் புத்தகத்தில் அச்சகோதரரின் பெயரில் 11 வரவுகள் இருந்தன. கடிதங்களோடு ஒப்பிட்டபோது 7 ஸதக்கா, 4 கடன் என்று தெளிவாயிற்று. பிறகு ஒரு ரமளானில் அவர் எழுதிய கடிதத்தில், முதல் இரண்டு கடன்களையும் அல்லாஹ்வுக்காக விட்டுவிட்டதாகத் தெரிவித்திருந்தார். எஞ்சியவை இரண்டு, மொத்தம் 60,000 ரூபாய். மத்ரஸாவுக்குச் சாதகமான கடிதமும் பாதகமான கடிதங்களும் ஒரே கோப்புறையிலிருந்தே வந்தன. அனைத்தையும் அச்சிட்டு, வங்கிப் புத்தகத்தின் நகலோடு வாரிசுகளுக்கு அனுப்பினோம். அத்தொகையை மூன்று தவணைகளில் திருப்பித் தருவதாக எழுதி, இரு சாட்சிகளின் கையொப்பத்தோடு கொடுத்தோம். முதல் தவணை சென்ற பிறகு அந்த இளைஞர் அழைத்தார். பணத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. “வாப்பா இப்படியெல்லாம் எழுதுவார் என்று எங்களுக்குத் தெரியாது ஹஜ்ரத். உம்மா அந்த ரமளான் கடிதத்தைத் தினமும் படிக்கச் சொல்கிறார்” என்றார்.

இதன் பிறகு நாம் பலமுறை சிந்தித்தது, திருக்குர்ஆன் தொகுக்கப்பட்ட வரலாற்றைத்தான். யமாமா போரில் குர்ஆனை மனனம் செய்த பலர் ஷஹீதானபோது, அதை ஓரிடத்தில் எழுத்தாகத் தொகுக்க வேண்டும் என்று உமர் (ரலி) அவர்கள் ஆலோசனை கூறினார்கள். கலீஃபா அபூபக்கர் (ரலி) அவர்கள் அப்பொறுப்பை ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களிடம் ஒப்படைத்தார்கள். ஒரு மலையை இடம் பெயர்க்கச் சொல்லியிருந்தாலும் இவ்வளவு பாரமாக இருந்திராது என்ற கருத்தில் ஸைத் (ரலி) பின்னர் கூறியதை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். ஓலைகளிலும் கற்களிலும் எழுதப்பட்டவற்றையும், மனிதர்களின் நெஞ்சங்களில் இருந்தவற்றையும் சேர்த்து அவர்கள் தொகுத்தார்கள். அப்பிரதி பிற்காலத்தில் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் பாதுகாக்கப்பட்டது. உஸ்மான் (ரலி) அவர்கள் அதிலிருந்து பிரதிகள் எடுத்து வெவ்வேறு நகரங்களுக்கு அனுப்பினார்கள். நெஞ்சம் ஒருவகைப் பாதுகாப்பு, எழுத்து இன்னொரு வகை. ஒன்றுக்கு ஆபத்து வந்தால் மற்றது நிற்கும். பிரதிகளும் ஒரே ஊரில் இல்லை.

பெரும் நிறுவனங்களும் இந்த வழியையே நாடுகின்றன. 2011 பிப்ரவரி இறுதியில், சேமிப்பு மென்பொருளைப் புதுப்பித்தபோது ஏற்பட்ட ஒரு பிழையால், ஜிமெயில் பயனாளர்களில் ஏறத்தாழ 0.02 சதவீதத்தினரின் பெட்டிகள் வெறுமையாகக் காட்சியளித்தன. கூகுள் ஒவ்வொரு கடிதத்துக்கும் பல பிரதிகளைப் பல இடங்களில் வைத்திருந்தது. ஆனால் பிழை மென்பொருளில் இருந்ததால் அப்பிரதிகள் பலவற்றையும் ஒருசேரப் பாதித்துவிட்டது. இறுதியில் அவர்களுக்குக் கைகொடுத்தது, இணையத்தோடு தொடர்பில்லாமல் காந்த நாடாக்களில் எடுத்து வைத்திருந்த பழைய முறைப் பிரதி. நாடாவிலிருந்து மீட்க அதிக நேரம் பிடித்தாலும் கடிதங்கள் மீண்டன.

ஆகவே இப்போது நமது மத்ரஸாவில் ஓர் ஒழுங்கை வைத்திருக்கிறோம். மாதத்தின் முதல் வியாழன் அஸருக்குப் பின், தண்டர்பேர்டை மூடிவிட்டு ப்ரொஃபைல் கோப்புறை முழுவதையும் ஒரு வெளி வன்தட்டில் நகலெடுக்கிறோம். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை இன்னொரு பிரதி கள்ளக்குறிச்சியில் உள்ள நம்பிக்கைக்குரிய ஒருவர் வீட்டு அலமாரிக்குப் போகிறது. அது பூட்டுச்சொல் இட்ட பிரதி. பிறருடைய இரகசியங்கள் அதில் இருக்கின்றன அல்லவா? புதிய கணக்கை ஐமேப் முறைக்கு மாற்றிக்கொண்டோம். கணக்கின் பெயர், சர்வர் முகவரிகள், போர்ட் எண்கள் ஆகியவற்றைக் கையால் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதியிருக்கிறோம். பாதுகாப்பான இணைப்பில் ஐமேப்புக்கு 993, பாப்புக்கு 995 என்பவை வழக்கமான எண்கள். ஜிமெயில் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 2022 மே 30 முதல், வெறும் பெயரும் கடவுச்சொல்லும் கொண்டு பிற மென்பொருள்கள் ஜிமெயிலுக்குள் நுழைவதைக் கூகுள் நிறுத்திவிட்டது. எனவே பழைய ப்ரொஃபைலை மீட்டாலும், ஓஆத் என்னும் முறைக்கு மாற்றி, கூகுளின் பக்கத்தில் புதிதாக அனுமதி கொடுக்க வேண்டியிருக்கலாம்.

எடுத்த பிரதியை ஆண்டுக்கு ஒருமுறையாவது வேறொரு கணினியில் திறந்தும் பார்க்கிறோம். ஹிஃப்ழ் மாணவர்களுக்கு இதன் அவசியத்தை விளக்கத் தேவையில்லை. மனனம் செய்த ஜுஸ்உவை உஸ்தாதிடம் திரும்ப ஓதிக் காட்டாதவரை அது மனனத்தில் இருக்கிறது என்று யாரும் ஏற்பதில்லை. கயிற்றில் கட்டப்பட்ட ஒட்டகத்தைவிட விரைவாகக் குர்ஆன் நெஞ்சிலிருந்து நழுவிவிடும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். திறந்து பார்க்காத பிரதியும் அப்படித்தான்.

இவ்வளவும் தவக்குலுக்கு முரணா என்று ஒரு சகோதரர் கேட்டார். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு நம்பிக்கை வைப்பதா, அவிழ்த்துவிட்டு நம்பிக்கை வைப்பதா என்று கேட்டவருக்கு, கட்டிவிட்டே நம்பிக்கை வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதாகத் திர்மிதீயில் வரும் ஹதீஸை அவருக்கு நினைவூட்டினோம். நமது கணினியை ஒதுக்குப்புறமாக ஒரு கோப்புறையில் காத்தவன் அல்லாஹ்வே. அந்தத் தம்பியின் கவனத்தை அவன் காரணமாக்கினான். அடுத்த முறையும் அவ்வாறே நடக்கும் என்று எண்ணிக் கட்டாமல் விடுவது நமக்கு அனுமதிக்கப்பட்டதல்ல.

இதை வாசிக்கும் பொறுப்பாளர்கள், தம் மஸ்ஜிதின் கணக்கும் கடிதங்களும் எந்தக் கணினியில், எந்த முறையில் இருக்கின்றன என்று இந்த வாரமே கேட்டறிந்துகொள்ளுங்கள். கணினியைப் பழுதுக்குக் கொடுக்குமுன் பிரதி எடுங்கள். எடுக்க இயலாவிட்டால், ஃபார்மட் செய்ய வேண்டாம் என்று எழுத்தில் சொல்லிக் கொடுங்கள். நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பணத்துக்கு மட்டுமல்லாமல், அந்தப் பணத்தைப் பற்றிய சொல்லுக்கும் நாளை மறுமையில் விசாரணை உண்டு.

வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் அமானிதங்களை உரியவர்களிடம் சேர்ப்பிப்பவர்களாக ஆக்குவானாக. அந்தச் சகோதரரின் கப்ரையும், பெரிய ஹஜ்ரத் அவர்களின் கப்ரையும் ஒளிமயமாக்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹ்.